போய்ச் சேர்வதற்குள் அடங்கும் படபடப்பு

வெர்லீன்,

பீன்ஸ் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சுட வைத்துக் குடி. சோள ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நான் ஹார்லனின் வண்டியில் மரம் அறுக்கும் மில்லுக்குப் போகிறேன். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்.

நேற்று நீ கத்தியதை நான் மறக்கவில்லை. "ஆம்புலன்ஸுல ஏறினா அந்த பில்லுக்கு வீட்ட வித்துட்டுத்தான் இறங்கணும், டெல்மர்!" என்றாய். படபடப்பு வரும்போதெல்லாம் நீயே காரை ஓட்டிக்கொண்டு மலை இறங்குகிறாய். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உன் நெஞ்சு வாத்தியாரைக் கண்ட பையனைப் போல அடங்கிவிடுகிறது. ஈ.சி.ஜி. மெஷினில் ஒன்றும் பதிவாவதில்லை. "வெறும் பயம்தாம்மா, போய்த் தூங்குங்க" என்று அந்த டாக்டர் பயல் அனுப்பிவிடுகிறான். ஒன்றுமில்லை என்று சொன்னதற்கும் பில் வருகிறது. வருஷக்கணக்கில் நாம் கட்டுவது அதைத்தான்.

அந்த ஆஸ்பத்திரிக்காரர்களில் ஒருவனையும் நான் நம்பவில்லை. ஆனால் ஆம்புலன்ஸ்காரன் நம் வீட்டிலேயே உன் நெஞ்சில் ஒயரை ஒட்டி அதே மெஷினில் பார்ப்பான். நெஞ்சு துள்ளும்போதே கையும் களவுமாகப் பிடிக்க அவன்தான் வேண்டும். இன்று படபடப்பு வந்தால் அவனைக் கூப்பிடு. போன் உன் தலையணைப் பக்கத்தில் இருக்கிறது.

டெல்மர்

கார்ச் சாவியைத் தேடாதே. இரண்டு சாவியும் என் சட்டைப் பையில். வந்ததும் நன்றாகத் திட்டு. திட்டுவதற்கு நீ இருந்தால் போதும்.