ஒரு ஓரம் மட்டும் கருகிய பலகை

கருகிய பிளைவுட் வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை.

இப்போதுதான் ஒரு பலகையை உன் ரம்பத்தால் வெட்டிப் பார்த்தேன். வெட்டின் ஒரு ஓரம் வெள்ளையாக இருக்கிறது. எதிர் ஓரம் பழுப்பேறிக் கருகியிருக்கிறது. இதன் பொருள் உனக்குத் தெரியும். வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் உனக்கு எழுதுகிறேன். நீ இறந்துபோய் இருபத்திரண்டு நாள் ஆகிறது.

நேற்று உன் மனைவி பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ரம்பத்தின் அந்த நீலப் பெட்டி.

"யோங் பெங்ல தம்பி கேக்குறாண்ணே. மூணு வருஷமா கட்டில் அடியிலயே கெடந்துச்சு. நல்லா இருக்கான்னு பாத்துச் சொல்றீங்களா? உங்க கைய வெட்டுனது லா, அதான் பயமா இருக்கு."

என் இடது ஆள்காட்டி விரலைப் பார்க்காமல் பேசினார். எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். விரல் இருக்கிறது. மடங்காது. அவ்வளவுதான்.

*

அந்த ரம்பத்தை நாம் சேர்ந்து வாங்கினோம். நீ கெலாங் பாத்தா தொழிற்சாலையை விட்டு வந்திருந்தாய். நான் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்தேன். ஒரு கடைவீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்துச் சமையலறை கேபினட் செய்யத் தொடங்கினோம். இருவருக்கும் வேலை தெரியாது. கையேட்டை நான் படித்துத் தமிழில் சொல்வேன். நீ செய்து பார்ப்பாய். பிறகு நான் செய்வேன்.

பலகைமேல் நீளமான அலுமினியச் சட்டத்தை வைத்து, அதன்மேல் ரம்பத்தை ஓடவிடுவது. சட்டத்தை டிராக் என்போம். டிராக்கின் விளிம்பு நெடுக ஒரு கறுப்பு ரப்பர் பட்டை. முதல் ஓட்டத்திலேயே பிளேடு அதைத் தன் அளவுக்குச் சீவிவிடும். அதன்பின் ரப்பர் எங்கே முடிகிறதோ அங்கேதான் வெட்டு விழும். பென்சில் கோட்டின்மேல் ரப்பரை வைத்தால் போதும். வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

பிளேடு டிராக்குக்கு இணையாக நிற்காவிட்டால் என்ன ஆகும் என்ற பக்கத்தையும் படித்துச் சொன்னேன். பின்பற்கள் வெட்டின் ஒரு ஓரத்தை உரசும். மரம் கருகும். ஒரு கட்டத்தில் பற்கள் மரத்தைக் கவ்வி, ரம்பத்தையே தூக்கி நம்மை நோக்கி எறியும்.

"அலமாக்! கழுதையவா வாங்கிட்டு வந்துருக்கோம்?" என்றாய். "டேய், பின்னால நிக்காத. ஒதைக்கும்."

அன்றிலிருந்து அதன் பெயர் கழுதை.

*

உதைத்தது ஒரு வியாழக்கிழமை. காலையில் நான் வந்தபோது நீ டிராக்கில் புது ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தாய்.

"பழசு பிஞ்சு போச்சுடா."

முதல் ஓட்டத்தை நீயே ஓட்டி ரப்பரைச் சீவினாய். "நீ வெட்டிக்கிட்டிரு, கீல் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று வேனை நோக்கிப் போனாய்.

நீளப் பலகை. பாதி தூரம் ஓடியது. ஒரு முனகல். புகை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். நீ வேனைக் கிளப்புவதற்குள் ரம்பம் என்னிடம் திரும்பி வந்தது. டிராக்கைப் பிடித்திருந்த இடது கையின்மேல்.

உன் சட்டையைக் கழற்றி என் கையில் சுற்றினாய். வெறும் மேலோடு வண்டி ஓட்டினாய். சிவப்பு விளக்குகளில் நிற்கவில்லை. அழுதாய். அழுதுகொண்டே சொன்னாய்:

"கைய திருப்பிட்டடா. மெஷின் பொய் சொல்லாது. உன் கைதான் கோணிருச்சு."

நம்பினேன்.

பிறகு வாடிக்கையாளர்களிடம் அது ஒரு வேடிக்கையாயிற்று. "அவனுது படிச்ச கைங்க. பேனா புடிச்சா நேரா போவும், ரம்பம் புடிச்சா கோணும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஆறு மாதத்தில் பட்டறையை விட்டு விலகினேன். இப்போது ஓர் அலுவலகத்தில், மற்றவர்கள் வெட்டப்போகும் கேபினட்களைத் திரையில் வரைகிறேன். நீயும் கழுதையைத் தொடவில்லை. மேசை ரம்பம் வாங்கிக்கொண்டாய். என் பொருட்டு என்று நினைத்தேன். அதற்காகவே உன்மேல் அன்பு கூடியது.

*

இன்று காலை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டிராக் நேர். பிளேடு கூர்; பல் எதுவும் போகவில்லை. வெட்டு மூடிக்கொள்ளாமல் தடுக்க பிளேடுக்குப் பின்னால் நிற்கும் சிறு தகடு இடத்தில் இருக்கிறது. ரம்பத்தைக் கவிழ்த்தேன். அடித்தட்டின் விளிம்பிலிருந்து முன்பல்வரை அளந்தேன். பின்பல்வரை அளந்தேன். இரண்டும் ஒன்றல்ல. தட்டின் ஒரு மூலை நசுங்கியிருந்தது.

பெட்டியைத் துடைக்க அடியிலிருந்த பஞ்சை எடுத்தேன். கீழே பழைய ரப்பர். சுருட்டி வைத்திருந்தாய்.

பிய்ந்திருக்கவில்லை. நெடுகச் சீரான விளிம்பு. தொடக்கத்தில் ஒரு சாண் மட்டும் இன்னொரு முறை சீவப்பட்டிருந்தது. யாரோ ரம்பத்தை ஓடவிட்டு, ரப்பர் மறுபடி வெட்டுப்படுவதைக் கண்டு, ஒரு சாணில் நிறுத்தியிருக்கிறார்கள்.

யாரோ.

உன் மனைவியை அழைத்தேன். ரம்பம் எப்போதாவது கீழே விழுந்ததா என்று கேட்டேன்.

"ஆமாண்ணே, வேன்லேர்ந்து. நீங்க கைய வெட்டிக்கிட்டீங்களே, அதுக்கு மொத நாளு. 'அவன்கிட்ட சொல்லிராத, கையேடு பூரா திரும்பப் படிச்சுக் காட்டுவான்'னு சிரிச்சாரு. ஏண்ணே, கெட்டுப்போச்சா?"

"இல்ல. சரி பண்ணிடலாம்."

அப்புறமும் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. டிராக்கைக் கவ்விகளால் இறுக்கி, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, மெதுவாக ஒரு வெட்டு. அந்த முனகல். இந்த வாசனை.

*

நீ செய்தது விளங்குகிறது. ரப்பரை மாற்றினால் வெட்டு மறுபடி கோட்டில் விழும் என்று நினைத்தாய். விழுந்தது. பிளேடு மட்டும் கோணலாகவே நின்றது. நானும் செய்திருக்கக்கூடிய தவறு. ஐந்து நிமிடத்தில் மன்னித்துவிட்டேன்.

வேனில் சொன்னதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது பயத்தில் சொன்னாய் என்றே இருக்கட்டும். மாலையில் திரும்பி வந்து பட்டறையைக் கூட்டியது நீ. பலகையின் கருகிய ஓரத்தைப் பார்த்தது நீ. அதன்பின் மூன்று வருடம் இருந்தது. எத்தனை தே தாரிக் குடித்தோம். உன் மகளை என் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினாய், தாய்மாமன் முறை என்று. அவள் அலறியபோது என் மடங்காத விரலைப் பிடித்துக்கொண்டாள். நீ பார்த்துக்கொண்டு நின்றாய்.

பழைய ரப்பரை ஏன் எறியவில்லை? ஒருநாள் நான் கண்டுபிடிக்கட்டும் என்றா? அப்படி நினைத்தால் ஆறுதலாக இருக்கிறது. அதனாலேயே நினைக்க மறுக்கிறேன்.

*

எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய் அடித்தட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினேன். முன்பல்லும் பின்பல்லும் ஒரே அளவுக்கு வந்தன. இறுக்கினேன். புது ரப்பர் ஒட்டினேன். இரண்டு கையாலும் ரம்பத்தைப் பிடித்து நீளப் பலகை ஒன்றை வெட்டினேன். மூன்று வருடத்தில் முதல் முழு வெட்டு. முனகல் இல்லை. இரண்டு ஓரமும் வெள்ளை.

என் கை கோணவில்லை. இதைக் கேட்க நீ இல்லை.

ஞாயிற்றுக்கிழமை யோங் பெங்குக்குப் போய் உன் மைத்துனனிடம் ரம்பத்தைக் கொடுப்பேன். எப்படி அளப்பது என்று காட்டுவேன். கீழே விழுந்தால் யாரிடமாவது சொல்லிவிடு என்பேன். அவன் காரணம் கேட்டால் சொல்லமாட்டேன்.

பழைய ரப்பரை மட்டும் பெட்டியில் திரும்ப வைக்கவில்லை. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உன் மகள் மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து எல்லாவற்றையும் திறந்து பார்ப்பவள். இழுப்பறைக்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும்.