பெற்றோலா, கரண்டா

2025 ஜனவரி 11, சனி

புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது. மழை விட்டதும் இவ்வளவு வேகமாக வளரும் என்று நாங்கள் நினைக்கவில்லை. கட்டாரிலிருந்து என் அண்ணன், ரிப்கான் நானா, வீடியோ கோல் எடுத்தார். போனைப் பிடித்துக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்றுக் காட்டினேன். பாலாவிச் சந்தியிலிருந்து எங்கள் வீடு வரை வீதி நெடுக லொறித் தூசிதான். மதிலுக்குள் மட்டும் பச்சை. போன வருடம் நானா கொழும்பிலிருந்து பாய் பாயாகச் சுருட்டி லொறியில் இறக்குவித்த புல்.

“வடிவா இரிக்கு. ஆனா இனி வெட்டணும், இல்லாட்டி காடாகிரும். மெசின் ஒண்டு எடுப்பம். பெற்றோலா, கரண்டா? நீதானே வீட்டுல படிச்சவ. விசாரிச்சி ஒரு முடிவு சொல்லு.”

உம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “மெசின் என்னத்துக்கு? ஒரு ஆட்டக் கட்டினா வேல முடிஞ்சி,” என்றார்.

“அந்த ஆடு வந்தா நான் ஊருக்கு வரமாட்டன் உம்மா.”

பட்டம் வாங்கி ஒரு வருடமாகிறது. இந்த வீட்டில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் முடிவு இது.

ஜனவரி 13, திங்கள்

நான் படித்த ஒலுவில் கெம்பசிலிருந்து, நாட்டின் மறுகரையிலிருந்து, புவியியல் மேடம் போன் எடுத்தார். ஒரு வருடத்துக்குத் தற்காலிக உதவி விரிவுரையாளர் இடம் ஒன்று இருக்கிறதாம். “உங்கட பேர்தான் முதல்ல ஞாபகம் வந்தது இல்மா. மாசம் முடியிறதுக்குள்ள சொல்லுங்க.”

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டதோ தெரியாது.

வீட்டில் கேட்பது என்றால் நானாவிடம் கேட்பது. வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன நாளிலிருந்து அப்படித்தான். உம்மா தனித்துப் போவார் என்று சொல்ல முடியாது. மதிலுக்கு அந்தப் பக்கம் றஹ்மத் உம்மா இருக்கிறார். இரவில் வந்து படுப்பதென்றாலும் படுப்பார். நான் வளாகத்தில் படித்த காலம் முழுக்க அப்படித்தான் நடந்தது. ஆனால் அப்போது புல் இருக்கவில்லை.

ஜனவரி 14

கேட்கவில்லை.

ஜனவரி 16, வியாழன்

உம்மாவும் நானும் பாலாவிக்குப் போனோம். நானாவோடு படித்த ஸப்ராஸின் ஹாட்வெயார் கடை. அவர் இரண்டு மெசினையும் வெளியே எடுத்து வைத்தார். கேள்வி கேட்டது நான். பதில் முழுக்க உம்மாவைப் பார்த்துத்தான்.

“சாச்சி, கரண்ட் மெசின் எண்டா பாரமில்ல. தங்கச்சியே தள்ளுவா. பெற்றோல் எண்டா கயிறு இழுக்கணும், கையில பலம் வேணும்.”

இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். நான் இழுக்க இழுக்க மெசின் இருமியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. கடைப் பொடியன்கள் வேறு பக்கம் பார்த்தார்கள், அதுதான் கூடுதல் வெட்கம்.

ஜனவரி 18, சனி

யோசித்துப் பார்த்தால் இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. எங்கள் முற்றம் சின்னது. பிளக் பொயின்ட் விறாந்தையிலேயே இருக்கிறது. கரண்ட் மெசினுக்குப் புகையில்லை, ஒயில் மாற்றத் தேவையில்லை, பெற்றோல் ஷெட்டில் கானோடு போய் நிற்கவும் வேண்டாம். பெரிய தோட்டம், வயர் எட்டாத மூலை, அடர்ந்த புல் என்றால்தான் பெற்றோல். கரண்ட்தான் சரி.

ஆனால் கரண்ட் என்றால் நானாவின் அடுத்த வசனம் எனக்குத் தெரியும் — “அப்ப நீயே வெட்டலாம்.” உம்மாவின் முழங்காலுக்கு அது சரிவராது. வெட்டுவதற்கு நான் இங்கே இருக்க வேண்டும்.

பெற்றோல் என்றால் ஆள் பிடிக்கத்தான் வேண்டும். மாதத்தில் இரண்டு தரம் ஒருவர் வந்து வெட்டிவிட்டுப் போனால் இந்த முற்றத்துக்கு நான் எதற்கு?

இரவு நானாவிடம் பெற்றோல் என்று சொன்னேன். காரணங்களும் சொன்னேன். எல்லாம் உண்மைதான், எங்கள் வீட்டுக்கு மட்டும் பொருந்தாதவை.

ஜனவரி 19, ஞாயிறு

நான் ஏன் இதை யோசிக்கவில்லை?

“பொம்புளையள் ரெண்டு பேர் இரிக்கிற வீட்டுக்குள்ள வெளி ஆள் ஒருத்தன் வந்து போறதா?” என்று நானா கேட்டார். அதற்குப் பிறகு சிரித்துக்கொண்டு, “ஆள வெளியில ஏன் தேடுற உம்மா? ஸப்ராஸ் நல்ல பொடியன்தானே. வீட்டுக்குள்ள எடுத்துட்டா புல்லும் வெட்டுவான், மோட்டரும் திருத்துவான்.”

உம்மா சிரிக்கவில்லை. யோசித்தார். அதுதான் பயம். பின்னேரம் றஹ்மத் உம்மா மதிலால் எட்டி, “என்ன புள்ள, மெசினோட மாப்புளயும் ஃப்ரீயாமே!” என்றார். இதற்குள் அங்கேயும் போய்விட்டது.

ஸப்ராஸ் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் என்னை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காத மனிதர், அவ்வளவுதான். அல்லாஹ்வே, நான் ஒரு மெசினைத்தானே சொன்னேன்.

ஜனவரி 20, திங்கள்

கரண்ட் என்று மாற்றிச் சொன்னேன்.

“படிச்ச ஆக்கள்ட முடிவு ரெண்டு நாளைக்குத்தான் நிக்குமா?” என்று நானா பகிடி பண்ணினார். பிறகு, “அப்ப வெட்டுறது யாரு?”

“நான் வெட்டுறன் நானா.”

“அப்ப சரி. ஸப்ராஸ்ட கதைய இப்போதைக்கு எடுக்கத் தேவல்ல.”

வெட்டுவதாக நானே என் வாயால் சொன்னேன். யாரும் கேட்டு வாங்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

ஜும்ஆ முடிந்து நானா எடுத்தார். கெம்பஸ் இடத்தைப் பற்றி இன்று சொல்லிவிடுவது என்று காலையிலிருந்து வசனம் கட்டி வைத்திருந்தேன்.

அவர் அறையில் கட்டிலில் இருந்தார், கால் இரண்டையும் வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு. அங்கே அவருக்கு வேலையே வில்லாக்களின் புல்லை வெட்டுவதுதான். “எட்டு வருசமா சப்பாத்தோட மத்தவண்ட புல்லுக்குள்ள நடக்கிறன் இல்மா. லீவுல வந்தா நம்மட புல்லுல வெறுங்காலோட நிக்கணும். அவ்வளவுதான் ஆச.”

நான் நான்கு வருடம் படித்தது அந்தச் சப்பாத்தால்.

“நானா, ஒரு விசயம்…”

“சொல்லு. மெசின்ட விசயமா?”

“ஓம்.”

“என்ன, வயரா? எவ்வளவு நீளம் வேணும்?”

“மதில் வரைக்கும் எட்டணும். இருபத்தஞ்சி மீற்றர் காணும்.”

கட்டி வைத்த வசனத்தில் வயர் எங்கே இருந்தது?

ஜனவரி 30, வியாழன்

மேடம் எடுத்தார். போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு வந்தது. கீழே விழாமல் பிடித்தேன். அழைப்பை ஏற்கவில்லை.

பெப்ரவரி 15, சனி

அந்த இடத்துக்கு வேறு ஒரு பிள்ளையை எடுத்துவிட்டார்களாம். மேடம் குறுஞ்செய்தி போட்டிருந்தார், கோபமில்லாமல். கோபப்பட்டிருக்கலாம்.

மெசினும் இன்னும் வாங்கவில்லை. வயர் பிளேட்டுக்குள் போய் எனக்குக் கரண்ட் அடித்துவிடும் என்று நானாவுக்குப் பயம் பிடித்திருக்கிறது. கட்டாரில் அவர் பாவிப்பது போல பற்றரி மெசின் ஒன்றைக் கப்பலில் போட்டிருக்கிறாராம். பெற்றோலும் இல்லை, கரண்ட் வயரும் இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்த மனிதர் என்னிடம் ஏன் கேட்டார்? உம்மாவிடம் கேட்டேன்.

“ஒனக்கு ஒரு மரியாதைக்கு,” என்றார்.

ஏப்ரல் 12, சனி

பெருநாள் கழிந்து மெசின் வந்து சேர்ந்தது. நான் வெட்டுவது வீதிக்குத் தெரியாமலிருக்க உம்மா மதிலுக்கு மேலால் பச்சை வலை கட்டுவித்தார். அஸர் தொழுதுவிட்டு வெட்டினேன். பாரமில்லை. சத்தமும் இல்லை, லொறி போனால் மெசின் ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வெட்டிய இடம் நேர்கோடாக வருகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அபாயாவின் விளிம்பெல்லாம் பச்சைக் கறை.

முடித்து, நானாவுக்குக் காட்டினேன். போனை முகத்துக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். கண் கலங்கினாற்போல் இருந்தது.

“வீட்டுக்குப் பின்னாலயும் வெறும் மண்தானே கிடக்குது? அங்கயும் புல்லுப் போடுவமா? ஒரு சார்ஜில ரெண்டு பக்கமும் வெட்டலாமா இல்மா?”

கணக்குப் பார்த்தேன்.

“கிணத்தடி மட்டும் மிஞ்சும் நானா. அத அடுத்த நாள் வெட்டலாம்,” என்றேன்.