ரைஸ்மில் காலேஜுக்கு நாற்பது பேர்

வெள்ளானூர்,
6.8.1989, ஞாயிறு.

அன்புள்ள மகன் தசரதனுக்கு உன் நைனா கன்னியப்பன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை நாகவல்லி மூன்று பேரும் சௌக்கியம், கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது, அதனால் வீட்டில் சண்டையும் குறைவு. புனேயில் மழை விடாமல் கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய், நனைந்த சட்டையோடு லேத் முன்னால் போய் நிற்காதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. அம்மா உனக்கென்று வடாம் போட்டு டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறாள், அந்தப் பக்கம் போகிறவர் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புவாளாம், அதுவரை நான் அந்த டப்பா இருக்கும் திசையில்கூடப் பார்க்கக் கூடாதாம். சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் இன்லேண்ட் லெட்டரில் இடம் போதாது என்று நாகவல்லியின் நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன், அதற்கும் ஒரு முறைப்பு வாங்கியாயிற்று.

அவள் ஜூன் மாதம் பி.எஸ்ஸி. கணக்கில் சேர்ந்தாள் என்று எழுதியிருந்தேன், எந்தக் கல்லூரி என்று எழுதவில்லை, எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. பட்டணத்தில் இருக்கிற ஒரு அரசுக் கல்லூரிக்கு நம் பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஒரு கிளை என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் திறந்தார்கள், அதுதான். சொந்தக் கட்டடம் கிடையாது. நாம் நெல் அரைக்கப் போவோமே அந்த ரைஸ்மில், அது மூடிப்போனதும் அதைத்தான் கல்லூரியாக்கியிருக்கிறார்கள், ஊரில் எல்லோருக்கும் அது ரைஸ்மில் காலேஜ். பெரிய கூடம் ஒன்று, நடுவில் இரண்டு இரும்பு பீரோவை நிறுத்தி இந்தப் பக்கம் கணக்கு, அந்தப் பக்கம் பொருளாதாரம், இங்கே சொல்வது அங்கே கேட்கும், அங்கே சொல்வது இங்கே கேட்கும். தவிட்டு வாசனை இன்னும் போகவில்லை. லேப் இல்லாததால் இந்த இரண்டு பாடம்தான். வாத்தியார்கள் காலையில் பட்டணத்தில் வகுப்பு எடுத்துவிட்டு ரயிலும் பஸ்ஸும் பிடித்து வர வேண்டும், அதனால் மூன்று மணிக்குத்தான் கல்லூரி ஆரம்பம், ஆறரைக்கு முடிவு. வருகிறவர்களும் வந்த வாரமே மாற்றல் கேட்டு மனு எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதாத ஒரே ஆள் கணக்கு வாத்தியார் கிறிஸ்துராஜ், பூந்தமல்லியிலிருந்து டி.வி.எஸ். ஃபிஃப்டி மொபெட்டில் வருகிறார், கிளைக்குப் பொறுப்பும் அவர்தான், பூட்டும் சாவியும் அவரிடம்தான்.

உனக்கு என்னைத் தெரியும், எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பக்கத்திலேயே தனியார் ஐ.டி.ஐ. ஒன்று வந்திருக்கிறது, ஆவடி டிப்போ வரைக்கும் பேனர் கட்டியிருக்கிறான். தெருவில் பன்னிரண்டாவது முடித்த பையன்கள் யார் கேட்டாலும் நான் ஒரே பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், "இன்னாத்துக்குடா காலேஜு, ஐ.டி.ஐ.ல சேரு, ரெண்டு வருசத்துல கையில ஒரு தொழில் கீது" என்று. உன்னைத்தான் உதாரணம் காட்டுவேன். அவர்களும் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஜூலை பத்தாம் தேதி வாக்கில் மேலிடத்திலிருந்து கிளைக்கு ஓர் ஆர்டர் வந்தது. முதல் வருஷத்தில் இரண்டு பாடத்துக்கும் சேர்த்து முப்பத்தொன்றாம் தேதிக்குள் நாற்பது பேர் இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த வருஷம் முதல் வருஷ வகுப்பே கிடையாது, இருக்கிறவர்கள் பட்டணத்துக் கல்லூரிக்குப் போய்ப் படிக்கலாம் என்று. இருந்தது முப்பத்தொரு பேர். பட்டணம் என்றால் இங்கிருந்து ஆவடிக்கு ஒரு பஸ், அப்புறம் ரயில், அப்புறம் இன்னொரு பஸ், போக இரண்டு மணி நேரம் வர இரண்டு மணி நேரம். பெண் பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டில் நின்றுவிடுவார்கள் என்று யாரும் சொல்லாமலே தெரியும். நாகவல்லியோடு ஒன்றாகவே திரிகிற சாமுண்டீஸ்வரி இருக்கிறாளே, அவள் அப்பா துலுக்கானம் ஆர்டர் வந்த மறுநாளே திருநின்றவூரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

நான் அப்போதும் அசையவில்லை. நல்லதாய்ப் போயிற்று, டி.சி. வாங்கிக்கொண்டு பெண்களுக்கான ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிடு என்றேன். உன் தங்கை உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். ஜூன் மாதம் பெயர் கொடுத்துவிட்டு வராமல் போனவர்களின் பட்டியல், கிறிஸ்துராஜ் சாரிடம் கேட்டு எழுதி வந்திருக்கிறாள். பதினோரு பெயர், அதில் ஐந்து நம் தெருப் பையன்கள், ஐந்து பேரையும் ஐ.டி.ஐ.க்கு அனுப்பியது நான். "எங்க கிளாஸை காலி பண்ணதே நீதான் நைனா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். உன் அம்மா அடுப்படியிலிருந்து "நல்லா கேட்டா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கம்பெனியில் முதல் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் டி.சி. விஷயம் விசாரிக்கத்தான் ரைஸ்மில்லுக்குப் போனேன், பிடித்துக்கொண்டது மழை. கிறிஸ்துராஜ் சார் வெளியே நிற்காதீர்கள் என்று கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். பழசை ஞாபகப்படுத்துகிறேன் என்று கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டு, எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் வருவது டேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது தசரதா. கம்பியை ஒரு முனை சிறுத்துப்போக டேப்பர் கடைசல் பிடிக்கும்போது பெரிய விட்டத்தில் சின்ன விட்டத்தைக் கழித்து, நீளத்தின் இரட்டிப்பால் வகுத்து, சுவரில் தொங்குகிற சார்ட்டைப் பார்த்து டிகிரி வைப்போமே, அந்த சார்ட்டின் தலையில் டேன் என்று போட்டிருக்கும். இருபத்தாறு வருஷமாக அதை ஏதோ வெள்ளைக்காரன் பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பியை நீளவாக்கில் பாதியாக அறுத்துப் பார்த்தால் சரிவுக்குள்ளே நிற்பது அவர் போட்ட அதே முக்கோணம்தான். வாய் சும்மா இராமல் "சார், இது எங்க லேத்துல கீது" என்று சொல்லிவிட்டேன். பீரோவுக்கு அந்தப் பக்கம் பொருளாதாரமே நின்றுபோய்விட்டது. நாகவல்லி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள், ஆனால் அவர் சாக்பீஸை என் கையில் கொடுத்து வந்து வரையுங்கள் என்றார். வரைந்தேன். மழை விட்டபோது டி.சி.யைப் பற்றிக் கேட்க மறந்தே போய்விட்டது.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள் நான் செய்த அலைச்சலைப் பார்த்து உன் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. முதலில் நான் அனுப்பிய ஐந்து பேர் வீட்டுக்கும் போனேன். ஒருவன்கூடத் திரும்பி வரவில்லை. "அண்ணாத்தே, எனக்கு வெல்டிங்கு புடிச்சிகீது, நான் அங்கயே கீறேன், நீ சொன்னதுதான கரெக்டு" என்று ஒருவன் எனக்கே காபி கொடுத்து அனுப்பினான். அவன் சொல்வதிலும் தப்பில்லை, பிடித்துப் போனவன் நன்றாகத்தான் வருவான். பிறகுதான் நம் கம்பெனி அப்ரண்டிஸ் பையன்கள் ஞாபகம் வந்தார்கள். அருள்தாஸ் என்று ஒருவன், பன்னிரண்டாவதில் கணக்கில் நல்ல மார்க், வீட்டு நிலைமைக்காக ஐ.டி.ஐ.க்கு வந்தவன், அவனை டீ நேரத்தில் கேட்டேன். "படிக்க ஆசைதான் அண்ணாத்தே, ஷிப்ட்டு மாறிக்கினே கீதே, எப்டி போறது?" என்றான். அதே பதிலைத்தான் மற்றவர்களும் சொன்னார்கள். ஆக, முடிச்சு மேனேஜரிடம். உள்ளே போய் இவர்களுக்கு எப்போதும் முதல் ஷிப்ட் வேண்டும், இரண்டு மணிக்கு விட்டால் பட்டரவாக்கத்தில் ரயிலேறி மூன்றுக்குள் போய்விடுவார்கள் என்றேன். டிகிரி வாங்கினால் இவனெல்லாம் லேத்தில் நிற்பானா என்று கேட்டார். நிற்க மாட்டான் சார், ஆனால் நிற்கிற வரைக்கும் அளவு தப்பி ஸ்கிராப்பில் வீணாகப் போடுவது குறையும் என்று சொல்லி, அவர் மேஜைமேல் இருந்த பேப்பரிலேயே அந்த முக்கோணத்தை வரைந்து காட்டினேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆறு மாதம் பார்ப்போம் என்றார். எட்டு பையன்கள் சேர்ந்தார்கள். முப்பத்தொன்றும் எட்டும் முப்பத்தொன்பது.

கடைசி நாள் திங்கட்கிழமை. ஒரு ஆளுக்காக நானும் ஷிப்ட் முழுக்க வெல்டிங், பெயிண்டிங் என்று எல்லாப் பக்கமும் தலையை நீட்டிப் பார்த்தாயிற்று, பன்னிரண்டாவது முடித்தவன் இனி ஒருவனும் இல்லை. இரண்டு மணிக்கு கேட்டில் பேக்கிங் செக்‌ஷன் ரோஸி வழிமறித்தாள், அன்னனூர்ப் பெண், இருபது வயசிருக்கும். "இன்னா அண்ணே, ஊரெல்லாம் தேடிக்கினு கீறியே, பொம்பளைங்க பேக்கிங் பண்றதோட சரியா? நானும் ப்ளஸ் டூ பாஸுதான்" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சான்றிதழ்களைக்கூட எடுத்து வந்து பையில் வைத்திருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது தசரதா, மகளுக்காக அலைகிறேன் என்று சொல்லிக்கொண்டு, பேக்கிங்கில் வேலை செய்கிற அறுபது பெண்களில் ஒருத்தியைக்கூடக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இருவரும் ரயிலைப் பிடித்து, ஆவடியில் பஸ் வராமல் ஆட்டோவில் தொற்றி, மூன்றே முக்காலுக்கு ரைஸ்மில் போய்ச் சேர்ந்தோம். பட்டணத்திலிருந்து வந்திருந்த அதிகாரி பைலைக் கட்டிக்கொண்டிருந்தார். கிறிஸ்துராஜ் சார் அவர் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, நாற்பதாவதாக ரோஸியின் பெயரை எழுதினார். அதிகாரி கூடத்தில் இருந்த தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார், எண்ணி முடித்து, இந்த வருஷத்துக்குச் சரி, அடுத்த வருஷம் மறுபடி எண்ணுவோம் என்று கையெழுத்துப் போட்டார். துலுக்கானமும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "காலேஜி இங்கயே இருந்தா பொண்ணு படிக்கட்டும், மாப்பிள்ளை எங்க ஓடிடப்போறான்" என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார். இப்போது கூடத்தில் தவிட்டு வாசனையோடு பையன்கள் சட்டையில் வரும் லேத் கட்டிங் ஆயில் வாசனையும் சேர்ந்திருக்கிறது என்று நாகவல்லி மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள்.

இவ்வளவும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன், இனி எழுத வேண்டியதற்குத்தான் காலையிலிருந்து பேனாவை வைத்து வைத்து எடுக்கிறேன். அன்றைக்கு எல்லோரும் போன பிறகு கிறிஸ்துராஜ் சார் உங்கள் பையன் எங்கே படித்தார் என்று கேட்டார். ஐ.டி.ஐ. சார், காலேஜில் இடம் கிடைக்கவில்லை என்றேன், ஏழு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிப் பழகிய பதில், தானாகவே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற நாகவல்லி, "அண்ணன் கணக்குல எரநூத்துக்கு நூத்தி எண்பத்தாறு சார், எப்டித்தான் இடம் இல்லாம போச்சோ" என்றாள். இடம் கிடைத்தது தசரதா. எண்பத்திரண்டு ஜூலையில் பட்டணத்துக் கல்லூரியிலிருந்து கார்டு வந்தது, பி.எஸ்ஸி. கணக்கில் வந்து சேரச் சொல்லி. நீ ஒரு மாதம் போஸ்ட்மேன் வருகிற நேரத்துக்கெல்லாம் வாசலுக்கு வந்து நிற்பாய், அன்றைக்குப் பார்த்து நீ கடைக்குப் போயிருந்தாய், நான் வாங்கினேன். அது நம் கம்பெனி பூட்டிக் கிடந்த வருஷம், எப்போது திறப்பான் என்று தெரியாது, மூன்று வருஷம் படித்துவிட்டு நீயும் வேலை இல்லாமல் என்னைப் போலவே நின்றால் என்ன செய்வது என்ற பயம். கார்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். உன் அம்மாவுக்குக்கூட நேற்றுத்தான் சொன்னேன், அவள் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நீ நல்ல வேலையில் இருக்கிறாய், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்லதோ கெட்டதோ, முடிவு செய்திருக்க வேண்டியவன் நீ. பயந்தவன் நான், பாரத்தைச் சுமந்தவன் நீ.

மன்னித்துவிடு என்று எழுதினால் உனக்கு அதையும் ஒரு கடமையாக்கிவிடுவேன், அதனால் எழுதவில்லை. கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், கை கால் பத்திரம், மெஷின் ஓடும்போது கையைத் துடைக்கும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடு, பல்வலிக்கு டாக்டரைப் பார்க்காமல் கிராம்பை வைத்தே காலத்தை ஓட்டாதே. பதில் மட்டும் போட மறக்காதே. என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டியே எழுது, மறைவாகக் கம்பெனி விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம், வீட்டுக்கே அனுப்பு. உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நாகவல்லிதான் உரக்கப் படித்துக் காட்டுவாள். படிக்கட்டும், நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் நைனா,
வெ. கன்னியப்பன்