மூன்று முறை வந்த நண்டு

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோளரங்கத்துக்கான படம் முடிந்தது. ஹார்ட் டிஸ்க்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், கீழே போட்டுத் தொலைக்காதே. போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம், இனிமேல் எழுது என்று சொன்னவள் நீதான். எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் எல்லாம் நீயே சேர்த்துப் படித்துக்கொள்.

உன் கோளரங்கக் கூரை முழுக்க ஊதா நிறத்தில் வலை மாதிரி ஓடுவது கரும்பொருள். அதற்கு நிறமே கிடையாது, கண்ணுக்கே தெரியாது. நீ கேட்டாய் என்று பூசினேன். மைக்கில் அதையும் சொல். ‘பிரபஞ்சத்தைப் படம் பிடித்திருக்கிறார்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதே. யாரும் பிடிக்கவில்லை. ஈர்ப்பு விசையின் கணக்கைக் கணினியிடம் கொடுத்து, தொடக்கத்திலிருந்து வளரவிட்டோம். அதுவாக வலை பின்னிக்கொண்டது. அது போதாதென்று உனக்குப் பின்னணி இசை வேறு!

ஒரு நல்ல செய்தி. அதே கணக்கில் என் ஆராய்ச்சிக்கும் ஒன்று மாட்டியிருக்கிறது. விண்மீன் மண்டலங்கள் கூடி நிற்கும் பெரிய கொத்துகள் தாறுமாறாக இல்லை, சம தூரம் விட்டு நிற்கின்றன. இதுவரை யாரும் சொல்லாதது. 28ஆம் தேதி மாநாட்டில் பேசுகிறேன், அதனால் உன் திறப்பு விழாவுக்கு வர முடியாது. ஜூனோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இந்தப் பேச்சு எடுபட்டால்தான் அடுத்த வேலை. “இன்னொரு தடவை சரிபாரேன்ப்பா” என்கிறார் பேராசிரியர். அவருக்கு எதிலும் சந்தேகம்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
முள்


மார்ச் 9

குத்திக் குத்தியே பேசும் என் அருமை முள்ளுக்கு,

விசாரிக்க நேரமில்லாதவனை நான் விசாரிக்கிறேன். சாப்பிடுகிறாயா? நீ கேட்டதாக அத்தானிடம் சொன்னேன், பதிலுக்கு “அவன் சிரிச்சானான்னு கேளு” என்கிறார்.

நானும் புரொஜக்டர்காரரும் சாய்வு நாற்காலியில் படுத்துப் பார்த்தோம். முதல் நிமிடத்திலேயே மனுஷன் பேச்சை நிறுத்திவிட்டார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் வாயை மூடி நான் பார்த்ததில்லை. நீ போனில் ‘பொம்மைக் கொட்டகை’ என்றாயே, அந்தக் கொட்டகைதான்டா இது. கூரை அப்படியே திறந்து உள்ளே விழுந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் ஒன்று. நடுவில் ஒரு கொத்து, நண்டு கொடுக்கை விரித்த மாதிரி வருகிறது. அழகு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் நண்டு.

“என்ன மேடம், வண்டி சுத்திச் சுத்தி அதே தெருவுக்கே வருது?” என்றார் அவர்.

“வேற நண்டா இருக்கும், சும்மா பாருங்க” என்றேன். மூன்றாவதும் வந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். மூன்றுக்கும் இடது கொடுக்கு ஒடிந்திருக்கிறது.

உன் மாநாட்டு நாளில்தான் எனக்குத் திறப்பு. நிர்வாகக் குழு முன்வரிசையில் உட்காரும். கூட்டம் சேராவிட்டால் அரங்கத்தைப் பொருட்காட்சிக்காரருக்கு விட்டுவிடலாம் என்று அவர்களுக்குள் பேச்சு ஓடுகிறது. யாராவது நண்டைப் பற்றிக் கேட்டால் நான் என்ன சொல்ல? பிரபஞ்சத்தில் சேலை பார்டர் மாதிரி வந்த டிசைனே திரும்பத் திரும்ப வருமா? கோபப்படாமல் பதில் எழுது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 14

அக்கா,

கோபப்படவில்லை. நண்டு எண்ணுவதை விட்டுவிட்டு வேறு வேலை பார். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். முழுப் பிரபஞ்சத்தையும் கணக்கிட எந்தக் கணினியாலும் முடியாது. ஒரு பெட்டியளவு இடத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் கணக்கிடுவோம். நீ கேட்ட நீளத்துக்குப் பயணம் போக என் பெட்டி போதவில்லை. அதனால் அதே பெட்டியின் நகல்களை வரிசையாக ஒட்டினேன், தரையில் ஒரே டைல்ஸைப் பதிக்கிற மாதிரி. பெட்டிக்கு ஒரு நண்டு. ஒரு நண்டுக்கும் அடுத்த நண்டுக்கும் நடுவில் சரியாக ஒரு பெட்டியின் நீளம். ஒளி அதைக் கடக்கவே நூறு கோடி ஆண்டுக்கு மேல்…

இரு.

மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருந்தபோது பேனா நின்றுவிட்டது. பெட்டியின் நீளமும், கொத்துகள் ‘சம தூரம் விட்டு நிற்கின்றன’ என்றேனே, அந்தத் தூரமும் ஒன்று.

ஓடிப்போய்ப் பார்த்தேன். நேரத்தை மிச்சம் பிடிக்க, உன் படத்துக்கான நகல்களையும் ஆராய்ச்சிக் கோப்புகளையும் ஒரே இடத்தில் போட்டு வைத்திருந்தேன். என் எண்ணும் நிரல் நகல்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. நான் கண்டுபிடித்தது பிரபஞ்சத்தின் ஒழுங்கு இல்லை, நானே ஒட்டிய டைல்ஸ். உன் நண்டு என் கட்டுரையைக் கடித்துவிட்டது.

இன்னும் பேராசிரியரிடம் சொல்லவில்லை. நாளைக் காலை சொல்வேன்.

முள்


மார்ச் 18

தம்பி,

சொல்லிவிட்டாயா? சொல்லியிருப்பாய். உனக்கு வாய் நீளம், ஆனால் பொய் வராது. சின்ன வயதில் பண்டத்தைத் திருடித் தின்றுவிட்டு, “நல்லாவே இல்ல” என்று நீயே வந்து சொன்னவன்.

வேலை போனால் போகட்டும், இங்கே டிக்கெட் கிழிக்க ஆள் வேண்டும் என்று அத்தான் சொல்லச் சொன்னார். திட்டாதே, அவருக்கும் உன்னை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

திறப்பைத் தள்ளிவைக்க முடியாது, அழைப்பு போய்விட்டது. நண்டோடவே திறந்துவிடவா? கேட்டால், ‘பெட்டி சின்னது, நகல் ஒட்டியிருக்கிறோம்’ என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். நீ உன் வேலையைப் பார்.

அக்கா


மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

சமாளிக்க வேண்டாம்.

பேராசிரியரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “யாருப்பா கண்டுபிடிச்சா?” என்றார். “எங்க அக்கா, கோளரங்கத்துல.” “அவங்களுக்கு ஒரு வேலை போட்டுக் குடுத்திடலாமா?” என்றார். அவர் கேலி செய்வார் என்பதே இப்போதுதான் தெரிகிறது. மாநாட்டுப் பேச்சை விலக்கிக்கொண்டேன். அடுத்த வேலைக்கு இப்போதைக்கு வழியில்லை. நகல்களைத் தனியே எடுத்துவிட்டு ஒரு பெட்டியை மட்டும் மறுபடி எண்ணத் தொடங்கிவிட்டேன். ஜூனுக்குள் உண்மையான விடை வரும். சுவாரசியமில்லாத விடையாகவே இருக்கும். இருக்கட்டும்.

உன் படத்தைத் திரும்ப உருவாக்கியாயிற்று. பெட்டிகளின் ஊடே நேராகப் போனதுதான் தப்பு, ஒவ்வொன்றிலும் அதே இடத்தைக் கடந்தோம். இப்போது பாதையைச் சாய்த்துவிட்டேன். ஒவ்வொரு பெட்டியிலும் வேறு மூலை வழியாகப் போகும். பயணமும் கொஞ்சம் குறுகிவிட்டது. மிச்ச நேரத்தில் இதை எப்படிக் கணக்கிட்டோம், எங்கே நகல் ஒட்டினோம், எது பூசிய நிறம் என்று சொல்ல வேண்டும். நீ பாதி, நான் பாதி.

ஆமாம், டிஸ்க்கை நானே கொண்டுவருகிறேன். 28ஆம் தேதி எனக்குத்தான் மாநாடு இல்லையே. கொட்டகையில் எனக்கு முன்வரிசை வேண்டாம். கடைசி வரிசையில், மைக் எட்டுகிற இடத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்.

நண்டு ஒரே ஒரு தடவைதான் வரும். நான் பார்த்துவிட்டேன், சரிபார்த்துவிட்டேன். ஆனாலும் படம் தொடங்கும் முன் எல்லாரிடமும் சொல்லிவிடு: இரண்டாவது நண்டைப் பார்க்கிறவர்கள் உடனே கையைத் தூக்க வேண்டும். நான் அங்கேதான் இருப்பேன்.

உன் தம்பி,
முள்

அத்தானிடம் சொல், சிரித்தேன்.