மூன்றாம் கட்டத்தை நான்தான் தாண்டினேன்

என்னுடைய இஞ்சாருங்கோவுக்கு,

கலியாணம் கட்டிய நாள் தொடங்கி உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். புருசனின் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள். நான் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படியிருந்தும் நீங்கள் போய்விட்டீர்கள். இனி அந்தக் கதையையும் நான் நம்பப்போவதில்லை.

அங்கே எப்படி இருக்கிறீர்கள்? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே சமாதானமாம். அரசாங்கமும் இயக்கமும் பேசுகிறார்களாம். உட்துறைமுக வீதியில் ஆமிக்காரரின் சென்றி பொயின்ற் இருந்த இடத்திலேயே இருக்கிறது, மணல் மூட்டைகூட மாறவில்லை. ஆனால் அதற்குள் நிற்கிறவன் இப்போது என்னைக் கண்டால் சிரிக்கிறான். முந்தி முறைத்தவன் இப்போது ஏன் சிரிக்க வேண்டும்? நீங்கள் இருந்திருந்தால், "உனக்கு விடியிறதிலையும் சந்தேகம்தான்" என்று சொல்லியிருப்பீர்கள்.

ஓம், எனக்குச் சந்தேகம்தான். அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டில் கடைசியாகச் சந்தேகப்பட்டது நானில்லை, நீங்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. நீங்கள் கண் மூடி ஒரு வருசமாகிற ஆட்டைத்திவசம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எல்லாரும் வாசிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

சல்லி ஊரில் வள்ளம் வைத்திருந்த மனிதர் நீங்கள். கடலில் இறங்கப் பாஸ் வேண்டும் என்றார்கள். பிறகு இந்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்றார்கள். கடைசியில் இறங்கவே வேண்டாம் என்றார்கள். நாங்கள் டவுனுக்கு வந்து அந்த வாடகை வீட்டில் குடியிருந்தோம். துறைமுகம் கூப்பிடு தூரம். ஆனால் முள்ளுக்கம்பிக்கு மேலாலே கப்பலின் கொடிமரம் மட்டும்தான் தெரியும். அப்போதுதான் ஒருநாள் துணியால் மூடிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

"என்னது?" என்று கேட்டேன்.

"ரீவி கேம்" என்றீர்கள்.

"ஆர் தந்தது?"

"கப்பல்ல வேலை செய்யிற ஒருத்தர்."

எந்தக் கப்பல், எந்த ஒருத்தர் என்று கேட்டேன். மழுப்பினீர்கள். இன்றுவரைக்கும் எனக்கு அது தெரியாது.

முன்னறையில் ரீவியை வைத்து, ஆட்கள் இருக்க வாங்குகளைப் போட்டு, விளையாட வருகிறவர்களிடம் மணித்தியாலத்துக்குக் காசு வாங்கினீர்கள். அதில் எனக்குக் குறையில்லை, அடுப்பு எரிந்தது. ஆனால் பகலிலேயே யன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, லைட்டையும் அணைத்துவிட்டுப் பெரிய பெரிய ஆம்பிளைகள் உள்ளே இருந்தால் ஒரு மனுசி என்ன நினைப்பாள்? கூடாத படம்தான் ஓடுகிறது என்று நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று குசினித் திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றேன்.

அட கோதாரி! வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு ரீவிக்குள் தெரிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் கேமைத் தண்ணீரை வைத்துத்தான் எடை போடுவீர்கள். நீங்கள் முதலில் கொண்டுவந்த பெட்டியில் கடல் என்பது ஒரு நீலக் கோடு, அதற்கு மேலே கட்டம் கட்டமாக ஒரு கப்பல். "இது கடலில்லை, பெயின்ற் வாளி" என்றீர்கள். பிறகு கொண்டுவந்த இரண்டாவது பெட்டியில் மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை. கிட்ட இருப்பது வேகமாக ஓடும், தூர இருப்பது மெல்ல நகரும், பஸ்ஸில் போகும்போது தெரிவதைப்போல. அருவி விழுகிற இடத்தில் நுரைகூடத் தெரியும். மூதூர் ஹனீபா நானா அந்தக் கட்சி. புடவைக்கடைக்குச் சாமான் எடுக்க லோஞ்ச் படகில் வருகிற மனிதர், லோஞ்ச் நிற்பாட்டினால் எங்கள் வாங்கில்தான் கிடப்பார்.

"மலை அசையிற வடிவைப் பாரும். உம்மட தண்ணியில என்ன இருக்கு?" என்பார்.

"நானா, நீங்கள் புடவை விக்கிற ஆள். கடலைப் பற்றிக் கதையாதேங்கோ" என்பீர்கள்.

கடைசியாக வந்த மூன்றாவது பெட்டி சீடித் தட்டுப் போடுகிறது. அதில்தான் அந்தப் பிளேன் கேம். கடலுக்கு மேலே தாழப் பறக்க வேண்டும். அலை எழும்பும், பிளேனின் நிழல் அலையோடு வளைந்து வரும். மூன்றாம் கட்டத்தில் அடை மழை. துளி விழுந்து கண்ணாடியில் வழிகிறதைப்போலத் திரையில் வழியும். மின்னலுக்குத் தண்ணீர் வெள்ளையாகிப் பிறகு கறுக்கும். கீழே நிற்கிற கப்பல்களின் பாய்மரங்களுக்கு நடுவாலே தப்பினால், மழை விட்டு, முகில் பிரிந்து, கீழே ஒரு துறைமுகம் தெரியும். வரிசையாகக் கப்பல்கள், கரை வளைந்த வளைவு, தண்ணீரில் வெயில் துண்டு துண்டாக. அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. நீங்கள் ஓரிரு தரம்தான் போயிருப்பீர்கள். நானா ஒருநாளும் போகவில்லை.

நான் எல்லாம் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பார்த்தேன். உங்களைக் கண்காணிக்கத்தான் நின்றேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் கண்ணென்று ஒன்று இருக்கிறதல்லவா? நீங்கள் எல்லாரும் மழை வந்ததும் பதறிப்போய் வேகப் பொத்தானை அமத்துவீர்கள், பிளேன் பாய்மரத்தில் அடிபடும். மின்னல் வெட்டும்போது கையை எடுத்துவிட்டால் அது தானாகவே தாழ்ந்து பாய்மரத்தின் குறுக்குத் தடிக்குக் கீழாலே போகும். உள்ளே வந்து சொல்லலாமென்று எத்தனையோ தரம் நினைத்தேன். ஒளிந்து பார்த்தது தெரிந்துபோகும் என்று சொல்லவில்லை.

பிறகு உங்களுக்கு அந்த விசர் வேலை தோன்றியது. எது வடிவான கேம் என்று சுவரில் படம் ஒட்டி, வருகிற ஆட்களைக் கேட்கப்போகிறேன் என்றீர்கள். கமெரா ஒன்றை இரவல் வாங்கி, அறையை இருட்டாக்கி, ரீவியைப் போட்டோ எடுத்தீர்கள். நீலக் கோட்டை எடுத்தீர்கள், மலையை எடுத்தீர்கள், கடைசியில் அந்தத் துறைமுகத்தையும் எடுத்தீர்கள். உலகத்தில் எந்த ஊரிலும் அது பகிடி. துறைமுகத்தைப் படம் பிடித்தால் ஆளே காணாமல் போகிற இந்த ஊரில் அது என்ன? உங்களுக்கு அது தோன்றவேயில்லை. ரீவிக்குள்ளே இருப்பது ரீவிக்குள்ளேதான் இருக்கும் என்று நினைத்த மனிதர் நீங்கள்.

ஸ்ரூடியோவில் கழுவக் கொடுத்துப் படங்கள் வந்தன. துறைமுகப் படம் மட்டும் வரவில்லை.

"ஏன் அந்த ஒண்டு மட்டும் வரேல்ல?" என்று கேட்டேன்.

"பழுதாப் போயிருக்கும். நீ சும்மா இரு."

நான் சும்மா இருக்கவில்லை. அன்று முழுதும் உங்களைத் துளைத்துக்கொண்டே இருந்தேன். ஸ்ரூடியோக்காரர் ஆமியிடம் கொடுத்தாரா? அங்கே படம் எடுக்க வந்த யாராவது கண்டு சொன்னார்களா? அவர் இப்போதும் கோயிலில் என்னைக் கண்டால் தலையைக் குனிகிறார். குற்றத்திலா, அல்லது நான் முறைக்கிற முறைப்பிலா? யாரிடம் கேட்பது?

அடுத்த நாள் காலையில் பாண் வாங்கப் போன உங்களைச் சென்றியில் வைத்தே பிடித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்தார்கள். ஆமிப் பெரியவர் ஒருவர், கூட இரண்டு பேர். பெரியவரின் கையில் அந்தப் படம். மங்கலாக, கோடு கோடாக, தூரத்திலிருந்து ஒளித்து எடுத்ததைப்போலவே இருந்தது. எனக்கே ஒரு கணம் அது எங்கள் துறைமுகமோ என்று தோன்றியது.

"நோனா, இது எங்க நிண்டு எடுத்தது? மலையிலயா?"

"ரீவியில எடுத்தது ஐயா."

சிரித்தார்கள். பிறகு பெரியவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "காட்டு" என்றார்.

காட்டுவதென்றால், யார் விளையாடுவது? நீங்கள் முகாமில். நானா மூதூரில். கூட வந்தவர்களில் ஒருவன் தனக்குத் தெரியும் என்று வாங்கி, முதல் கட்டத்திலேயே பிளேனைத் தண்ணீரில் குத்தினான். வெளிச்சத்தில் திரை தெரியவில்லை என்று பெரியவர் போர்வையைக் கட்டச் சொன்னார், கதவைச் சாத்தச் சொன்னார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிலத்தில் இருந்து, அந்த ஜொய்ஸ்ரிக்கை நான் வாங்கினேன். வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் தொட்டேன்.

செத்தேன், திரும்பத் தொடங்கினேன். செத்தேன், திரும்பத் தொடங்கினேன். பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்து ஏதோ கதைத்தார்கள். கரண்ட் போகக்கூடாது, கரண்ட் போகக்கூடாது என்று முத்துமாரி அம்மனுக்கு நேர்ந்தேன். மழை வந்தது. மின்னல் வெட்டும்போதெல்லாம் கையை எடுத்தேன். பிளேன் குறுக்குத் தடிக்குக் கீழாலே போனது. முகில் பிரிந்தது.

பெரியவர் படத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு கப்பலாகப் பார்த்தார். "ஷா" என்று வியந்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார், நல்ல வடிவு என்று சொன்னதாகத்தான் எனக்கு விளங்கியது. மற்ற இருவரும் துவக்கைச் சுவரில் சாத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அழுதுகொண்டே பிளேனை ஓட்டினேன்.

பெட்டி, தட்டு, கமெரா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவை திரும்பி வரவேயில்லை. அடுத்த நாள் பொழுதுபட நீங்கள் வந்தீர்கள். வீங்கிய முகத்தோடு வந்தீர்கள், ஆனால் வந்தீர்கள். அந்தக் காலத்தில் அப்படித் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்?

அதுதான் பிழையாகப் போய்விட்டது. இவ்வளவு லேசாக ஏன் விட்டார்கள் என்று ஊர் கேட்டது. எதிர்வீட்டு ஐயா, நல்ல மனிதர்தான், உங்களிடம் வந்து, "தம்பி, அண்டைக்கு அவங்கள் வந்து யன்னலெல்லாம் மூடி, லைட்டும் இல்லாமல், கனநேரம் உள்ளுக்கை நிண்டவங்கள். உன்ர மனுசி பாவம், அவளிட்ட ஒண்டும் கேளாதை" என்று சொன்னாராம். ஒன்றும் கேட்காதே என்று சொல்லித்தானே கேட்க வைக்கிறார்கள்!

"என்னண்டு என்னை விட்டவங்கள்?" என்று கேட்டீர்கள்.

"நான் விளையாடிக் காட்டினனான்."

"பகிடி விடாதை. உனக்கு அதைப் பிடிக்கவே தெரியாது."

குசினிச் சீலைக்குப் பின்னால் நின்றதைச் சொன்னேன், மின்னலைச் சொன்னேன், கையை எடுப்பதைச் சொன்னேன். அன்றிலிருந்து முன்னறையில் பாய் போட்டுப் படுத்தீர்கள். எல்லாரையும் நம்பின மனிதர், கடைசியில் நம்பாமல் விட்டது என்னையா? பெட்டி இருந்திருந்தால் அந்த இடத்திலேயே இருந்து காட்டியிருப்பேன். பெட்டி எங்கே?

கடைசியில், நோய் முற்றி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, மூச்சு வாங்க வாங்க என் கையைப் பிடித்தீர்கள். "கோவிக்கமாட்டன். உண்மையைச் சொல்லு. நீ எனக்காகத்தானே செய்தனி" என்றீர்கள். மன்னிக்கிறீர்களாம்! செய்யாத ஒன்றுக்கு என்னை மன்னிக்கிறீர்களாம்! எனக்குத் தலை கால் தெரியாத கோபம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீங்கள் கதைக்கவில்லை.

இப்போது புதுச் செய்தி. போன கிழமை ஹனீபா நானா வந்தார். அவருடைய தம்பி வெளிநாட்டிலிருந்து வந்தபோது அதே பெட்டியையும் அதே தட்டையும் கொண்டுவந்தாராம். உங்களுடைய நினைவுக்கு எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, போகாமல் வாசலில் நின்றார்.

"தங்கச்சி, ஒரு விசயம். அவர் ஒருநாள் என்னட்டக் கேட்டவர், முன்னப் பின்ன விளையாடாத பொம்பிளை ஒருத்தி மூண்டாம் கட்டம் தாண்டுவாவோ எண்டு. ஏன் கேக்கிறார் எண்டு எனக்கு விளங்கேல்ல. என்னாலயே ஏலாது, பொம்பிளையளால எங்க ஏலும் எண்டு சிரிச்சுப்போட்டன்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கேமைப் பற்றிக் கேட்டார்கள், கேமைப் பற்றிச் சொன்னார். ஆனால் அந்த ஒரு வார்த்தையில்தான் என் வாழ்க்கை போனது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "இருங்கோ நானா" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். வயரைக் கொழுவினேன். நிலத்தில் இருந்தேன்.

இந்தத் தடவை நான் அழவில்லை. ஆனாலும் இரண்டு தரம் செத்தேன். மூன்றாம் தரம் மழை விட்டது. நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "யா அல்லாஹ், நான் என்ன சொல்லிப்போட்டன்" என்று விம்மினார். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் நம்பிவிட்டார். அவர் நம்பி எனக்கு என்ன?

ஆகவே ஒரு வாக்குத் தருகிறேன். திவசத்தன்று உங்களுக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைப்பேன். உங்கள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, ரீவிக்கு நேர் எதிரே கதிரையில் வைப்பேன். எதிர்வீட்டு ஐயாவையும் கூப்பிட்டு இருத்துவேன். எத்தனை தரம் செத்தாலும் எழும்பமாட்டேன், மழை விடும்வரை விளையாடுவேன். முகில் பிரியும்போது நன்றாகப் பாருங்கள். அன்றைக்கு வந்த ஆமிக்காரருக்கு நான் காட்டியது அது ஒன்றைத்தான்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்களுடைய மனுசி