மூடிய கண்களோடு ஒரு படகோட்டி

சீனத் துறைமுகம் அமோய், பேரரசர் குவாங்சுவின் 33ஆம் ஆண்டு, ஆறாம் மாதம் 28
சளிக்கு இஞ்சித் தண்ணீர் குடித்தேன். வெள்ளைக்காரத் துரையின் பயணப் புத்தகம் தபாலில் வந்தது. மூன்று வருடம் முன்பு அவருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் லோ பெங்கின் புகைப்படம். பாதி மூடிய கண்கள், வாயருகே அபின் குழாய். கீழே ஒரு வரி: "கீழ்த்திசையின் பேய்க்கனவில் மூழ்கிய அடிமை."

பெங் படகோட்டி. அபினைத் தொட்டதே இல்லை.

29
நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். துரையை அழைத்துச் சென்ற அபின் கடையில் நல்ல வெளிச்சம். இரண்டு பேர் தேநீர் குடித்தபடி மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். இருட்டையும் மயக்கத்தையும் தேடி வந்த துரைக்கு ஏமாற்றம். ஆகவே இருண்ட கிடங்கு ஒன்றில் பாய் விரித்தேன். பெங்கைப் படுக்கச் சொன்னது நான். கண்ணைச் சொருகச் சொன்னதும் நான். 'துரை சொன்னார்' என்று முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன்.

"புகையே இல்லாம மயங்கணுமாண்ணே? தண்ணியில்லாம துடுப்புப் போடுற மாதிரில்ல இருக்கு!" என்று சிரித்தான்.

போன வருடப் புயலில் போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை.

ஏழாம் மாதம் 2
ஆவிகளின் மாதம். பெங்கின் மனைவி சியு கிம் வந்தாள். "உடம்புதான் இல்ல. பதினஞ்சுக்குள்ள முகமாவது முன்னோர் பீடத்துல ஏறணும்ண்ணே. இல்லேன்னா நாதியத்த பேயோட பேயா அலைவாரு. அந்த வெள்ளைக்காரன் எடுத்த படம் வந்துச்சா?"

இல்லை என்றேன்.

5
கண்ணை மூடினால் பெங் பாயில் படுத்திருக்கிறான். படம் எடுத்து முடித்ததும் எழுந்திரு என்று சொன்னேனா? நினைவில்லை.

7
புத்தகத்தைச் சியு கிம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பீடத்துக்குப் படம் வரையும் ஓவியர் ஓங் அங்கே இருந்தார்.

"கண்ணு மூடியிருக்கே. இதுக்கு முன்னாடி ஊதுபத்தி ஏத்தி என்ன புண்ணியம்?" என்று மாதிரி ஏட்டை விரித்தார். பக்கம் பக்கமாகக் கண்கள் மட்டும். "உன் புருஷன் கண்ணு எதும்மா?"

புரட்டினாள். திரும்பப் புரட்டினாள். "இது... இல்ல. தினம் பாத்த கண்ணு... ஐயோ, இப்போ இந்த மூடின கண்ணுதான் வருது!" பிறகு என்னிடம், "கீழ என்னண்ணே எழுதியிருக்கு?"

நல்ல படகோட்டி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. உள்ளதைச் சொன்னேன். படுக்க வைத்தது யார் என்பதையும்.

"நீங்களா?"

ஏட்டின் பக்கம் திரும்பினாள். "இந்தக் கண்ணு. கோபமா இருக்கே, இது."

"பெங் சிரிச்ச மூஞ்சியாச்சேம்மா," என்றார் ஓங்.

"இப்போ கோபமாத்தான் இருப்பாரு."

15
படம் பீடத்தில் ஏறிவிட்டது. சியு கிம் வீடு வீடாகப் படையல் பலகாரம் கொடுத்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். என்னைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனாள்.