மருந்தடிக்காத தோட்டத்து இலை

மாப்பிள்ளை, என் வளர்ப்புப் பல்லி பச்சையைக் கொன்றது நீ. மருந்தடித்த திராட்சை இலையை மருந்தடிக்காத இலை என்று சொல்லி என் கையில் கொடுத்தாய். அது செத்த பிறகு, நான்தான் அதைக் கண்ணாடித் தொட்டியில் அடைத்து வேகவைத்துவிட்டேன் என்று ஓடைப்பட்டி முழுக்கச் சொல்லித் திரிந்தாய். இரண்டு பொய்யையும் திரும்ப எடுக்காமலே போன ஆடியில் கண்ணை மூடிவிட்டாய். என் தங்கை சரசுவின் புருஷன் என்பதற்காகவும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் என்பதற்காகவும் உன் பாடைக்குத் தோள் கொடுத்தேன். மன்னித்துவிட்டுத் தூக்கினேன் என்று நினைக்காதே.

இன்று காலை உன் மகன் ராசு என் மோட்டார் பட்டறைக்கு வந்தான். நான் இப்போது வளர்க்கும் புதுப் பல்லிக் குட்டிக்குத் தின்னக் கொண்டுவந்ததாகச் சொல்லி ஒரு கட்டுத் திராட்சை இலையை மேசைமேல் வைத்தான். சுண்ணாம்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில் ஒரு வாடை அதிலிருந்து கிளம்பியது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாடை. நீயே உள்ளே வந்து நின்றது போல இருந்தது எனக்கு.

பச்சையை நீ முதலில் பார்த்தது இதே பட்டறையில்தான். மாற்றலாகிப் போன வங்கி அதிகாரி ஒருவர் அந்த இகுவானாவை என்னிடம் விட்டுப் போயிருந்தார். வெளிநாட்டுப் பல்லி, இலையும் பூவும் தின்று வாழ்வது. ஊரில் பாதிப் பேர் அதை உடும்பு என்றார்கள். நீ உள்ளே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இது என்ன மச்சான், ஓணானுக்குச் சோறு போட்டு வளத்தது மாதிரி இருக்கு?" என்றாய்.

"உடும்பு வளத்தாத்தான் தப்பு மாப்ள. இதுக்கு முறையா காயிதம் இருக்கு."

"காயிதம் இருக்கட்டும். கொழம்பு வச்சா ருசியா இருக்குமா, அதச் சொல்லு."

அப்படிச் சொன்ன நீதான் மறுநாள் செம்பருத்திப் பூவோடு வந்தாய். அது உன் விரலில் இருந்தே வாங்கித் தின்றது. பிறகு உன் தோளில் ஏறி உட்கார்ந்து, உன் காதோரத்து நரைமுடியை இலை என்று நினைத்து இழுத்தது. நீ வலியில் முகம் சுளித்தபடியே அசையாமல் இருந்தாய். அதை நான் மறக்கவில்லை. உன் கணக்கில் நல்லதாக எழுத அது ஒன்றுதான் இருக்கிறது.

பிறகு அந்த நாள். சுருளி அருவிக்குப் போகிற கார்கள் நிற்கும் இடத்தில் உன் திராட்சைப் பந்தலுக்கு முன்னால் கடை போட்டிருந்தாய். 'மருந்தடிக்காத திராட்சை' என்று பலகை. மலையாளத்துக் குடும்பம் ஒன்று பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டிருந்தது. நான் சைக்கிளை நிறுத்தி, "பச்சைக்கு நாலு இலை வேணும் மாப்ள. மருந்து ஏதும் அடிச்சியா?" என்று கேட்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை. அவர்களைப் பார்த்தாய். "இந்தத் தோட்டத்துல மருந்துங்கற பேச்சே கெடையாது மச்சான்" என்று அவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாய். கையை நீட்டி நீயே கொத்தாக ஒடித்துக் கொடுத்தாய்.

நான் அதை முகர்ந்து பார்க்கவில்லை. பங்காளி கொடுத்திருந்தால் முகர்ந்திருப்பேன். கொடுத்தது நீ.

அன்று சாயங்காலம் பச்சையின் வாயில் நுரை வந்தது. கால்கள் நடுங்கின. விடியும்போது அது தூங்கும் கிளையில் இல்லை, தரையில் செத்துக் கிடந்தது. நேராக உன்னிடம் வந்து கேட்டேன். டீக்கடையில் ஆள் நிறைய இருந்தார்கள். "கண்ணாடித் தொட்டில வச்சு வேகவச்சுப்புட்டு எங்கிட்ட வாராக எங்க மச்சான். என்ன மச்சான், அவியலா, கூட்டா?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தொட்டியில் நான் வைத்திருந்தது மோட்டாருக்குச் சுற்றும் செம்புக் கம்பி. பச்சை அதற்குள் ஒரு நாளும் இருந்ததில்லை. யாரும் வந்து பார்க்கவில்லை. அன்று முதல் எனக்கு 'அவியல்' என்று பேர். மோட்டார் கட்டக் கொடுக்க வருகிறவன்கூட, "அவியல் கடை எங்கன இருக்கு?" என்று கேட்டுத்தான் வருகிறான்.

எட்டாவதோடு நின்றவன் நான். மோட்டார் கட்டுவதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றேன். கூண்டு கட்டுவதையும் அப்படித்தான் கற்றேன். அதே அதிகாரி போன மாதம் ஒரு குட்டியைக் காகிதங்களோடு அனுப்பி வைத்தார். உள்ளங்கையில் அடங்கும் குட்டி. இது செத்தால் நீ சொன்னது நிஜமாகிவிடும். அதற்காகவே இது சாகக் கூடாது.

என் வீட்டு வலைபோட்ட சாப்பாட்டு அலமாரியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். நெஞ்சு உயரம். இந்தப் பிராணி மேலே ஏறி வாழ்வது; தரையில் அகலம் கொடுத்து என்ன பயன்? பழைய வலையைப் பிய்த்துவிட்டு, மூக்கு உரசினாலும் கிழிக்காத, பிளாஸ்டிக் பூசிய வலை அடித்தேன். குட்டியின் தலை நுழையும் சந்து எங்குமே இல்லை. நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன், எறும்பு ஏறாதபடி. உள்ளே கொய்யாக் கிளைகள், குறுக்கும் நெடுக்குமாக, குட்டியின் பிடிக்கு ஏற்ற கனத்தில். அரளிப் பக்கமே போகவில்லை, அது விஷம். வெயிலில் இருக்கிற சத்துள்ள கதிரைத் தருகிற குழல்விளக்கை மதுரையிலிருந்து வரவழைத்தேன். கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும் என்று படித்ததால், வலைக்கு நேர் மேலே மாட்டினேன். சூட்டு பல்பும் வலைக்கு வெளியேதான், தொட்டுச் சுட்டுக்கொள்ள முடியாது. மேல்கிளையில் குளிர் காயலாம். கீழே நிழலுக்கு இறங்கலாம். சூடு கூடினால் பல்பு தானே அணைகிறது. அந்த வேலை எனக்குத் தெரியும். ஒளிந்துகொள்ள உடைந்த பானை. ஏறி விளையாட ஒரு செம்பருத்திச் செடி, தொட்டியோடு. வாரத்துக்கொரு தடவை கிளையை மாற்றிக் கட்டுகிறேன். புது வழி கண்டுபிடிக்க அதற்கும் ஒரு வேலை வேண்டும். பூவை எட்டாத இடத்தில் தொங்கவிட்டால் அது நின்று யோசித்துவிட்டுத்தான் தாவுகிறது. தண்ணீர் தெளிக்க வைத்திருக்கும் பாட்டில் புதிது. எந்த மருந்தும் பார்க்காதது.

இப்படிப்பட்ட கூண்டுக்கு முன்னால்தான் ராசு உன் இலைக் கட்டை வைத்தான்.

"மருந்தடிச்சியாலே?"

"இல்ல மாமா. நம்ம தோட்டத்துல ஏது மருந்து?"

வெள்ளைத் துணியை ஈரமாக்கி ஒரு இலையைத் துடைத்தேன். துணியில் மருந்தின் நீலம் ஏறியது. அதை அவன் முன்னால் விரித்துப் போட்டு, ஒரு இலையை நீட்டினேன். "அப்ப நீ ஒண்ணத் தின்னு. பெறகு குட்டிக்குக் குடுப்போம்."

அவன் இலையைப் பார்த்தான். குட்டியைப் பார்த்தான். அது கிளையில் இருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. "முந்தாநாத்து அடிச்சோம் மாமா" என்றான். "யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லச் சொல்லி அப்பாதான் பழக்கியிருந்தாக. வாயில தானா வந்துருச்சு."

"அன்னைக்கி நான் கேட்டப்பவும் அடிச்சிருந்துச்சா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினான். "அப்பாவுக்கு அன்னைக்கி ராத்திரி சோறு எறங்கல. ஆனா அந்தப் பலகைய வச்சுக்கிட்டு எப்படி மாமா வெளிய சொல்ல முடியும்?"

உனக்குச் சோறு இறங்கவில்லை என்பது எனக்குப் போதாது. டீக்கடைக்கு நடந்து வந்து உண்மையைச் சொல்ல உனக்குக் கால் இருந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு முதல் தெவசம். வேண்டாம் அண்ணே, செத்தவரைத் தோண்டாதே என்று சரசு அழுவாள். அழட்டும். நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். ராசு அந்தப் பலகையைக் கழற்ற வேண்டும். என்ன மருந்து, என்றைக்கு அடித்தது என்று கேட்கிறவனுக்குச் சொல்லி விற்க வேண்டும். தெவசச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் இலையில் உட்காரும் முன்னால், பச்சையைக் கொன்றது எங்கள் தோட்டத்து இலை என்று அவன் நின்றுகொண்டு சொல்ல வேண்டும். அன்று டீக்கடையில் சிரித்தவர்கள் என் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட வேண்டும். நான் இந்தக் குட்டியை உன் தோளில் உட்கார்ந்த பச்சையைவிடப் பெரிதாக வளர்க்க வேண்டும். சரசு வீட்டில் மாட்டியிருக்கும் உன் படத்தைக் கழற்றி, மாலையோடு பட்டறைக்குக் கொண்டுவர வேண்டும். கூண்டுக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது. நீ அங்கே இருந்து, இது தின்பதைத் தினமும் பார்க்க வேண்டும்.